வாசகர் கேள்வி – பதில்: திரையில் விழும் நிழலும் தகரப் படகும்

கேள்வி: என் மகன் தரம் 7 இல் படிக்கிறான். விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தவுடன் கொட்டாவி விடுகிறான். வீடியோ கேம் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறான். அதில் வரும் மலை, கடல், நிழல் எல்லாம் உண்மைபோலவே இருக்கின்றன. அதைக் கொண்டே அவனுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வழியுண்டா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உண்டு. ஆனால், விளையாட விட்டாலே விஞ்ஞானம் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு மாலையில் அவன் பக்கத்தில் அமர்ந்து, திரையில் தெரியும் ஏதாவதொரு தூணையோ பந்தையோ காட்டி, "இதன் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கிறதே, எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர வேண்டும் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவனுக்குப் பதில் தெரியாது. அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு பரப்பின்மீது ஒளி செங்குத்தாக விழும்போது அப்பரப்பு மிகுதியாக ஒளிர்கிறது. சாய்ந்து விழும்போது அதே ஒளி கூடுதலான இடத்தில் பரவ வேண்டியிருப்பதால் மங்குகிறது. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் ஒளிர்வு சரிபாதியாகிவிடும். இந்தத் தொடர்பை ஜொஹான் ஹைன்ரிக் லம்பேர்ட் என்ற கணிதவியலாளர் 1760 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அதன்மேல், பளபளப்பான பொருள்களில் தெரியும் வெண்ணிறப் பொட்டையும் கணக்கிடும் வழியை, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வியட்நாமியரான புய் துவோங் பொங் 1970களில் சேர்த்தார். உங்கள் மகனின் திரையில் தெரியும் வாளும் வாகனமும் மினுங்குவதற்குப் பின்னால் இவ்வகைக் கணக்குகளே இருக்கின்றன.

இதை நம்பவைக்க ஒரு தோடம்பழமும் ஒரு டோர்ச் லைட்டும் போதும். அறையை இருட்டாக்கி (மின்வெட்டு நேரமாக அமைந்தால் அந்த வேலையும் மிச்சம்) பழத்தின்மீது ஒளியைப் பாய்ச்சி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வெளிச்சம் எப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்பதை அவனையே வரையச் சொல்லுங்கள். வரைந்த படத்தைத் திரையிலுள்ள பந்தோடு ஒப்பிட்டால் லம்பேர்ட் சொன்னது அவனுக்குப் புரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். அம்மாதத்தின் முதல் வாரத்தில் கொழும்புக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று பத்திரிகைகளில் அறிவித்தல் வருமல்லவா, அந்த நாள்களில் மதியம் 12 மணி கடந்து ஏறத்தாழ பத்து நிமிடத்தில், மொட்டைமாடியில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்தால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். பின்னர் கேமுக்குள் மதிய நேரத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். சில கேம்களில் நடுப்பகலிலும் நீண்ட நிழல் கிடக்கும். நிழலில்லாத காட்சி தட்டையாகத் தெரியும் என்பதால் சூரியனை வேண்டுமென்றே சரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பொய்யை உங்கள் மகன் கண்டுபிடித்தால் அன்றைய பாடத்துக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

கேள்வி: கேமில் வரும் வீரன் தன் உயரத்தைப்போல் இரு மடங்கு உயரம் பாய்கிறான். அங்கே ஈர்ப்புச் சக்தி பூமியைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்களே அளந்து பாருங்கள் தம்பி. பாய்ச்சலைத் திரைப்பதிவு செய்து, கால் தரையை விட்ட கணத்திலிருந்து மீண்டும் தொடும் கணம் வரை எத்தனை படச்சட்டங்கள் என்று எண்ணுங்கள். பதிவில் செக்கனுக்கு 60 படச்சட்டங்கள் என்றால், 60 ஐ எண்ணினால் ஒரு செக்கன். வீரனின் உயரத்தை 1.5 மீற்றர் என்று வைத்தால், அவன் பாய்ந்தது 3 மீற்றர். பாய்ந்த உயரத்தை எட்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்கு எவ்வளவு கூடுகிறது என்ற அளவு, கிடைக்கும். நேரம் ஒரு செக்கன் என்றால் அது 24. பூமியில் அது 9.8 மாத்திரமே. ஆகவே அந்த உலகின் ஈர்ப்பு நம்முடையதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வீரன் உயரப் பாய்வது அவனது கால்களுக்குக் கொடுக்கப்பட்ட அசுர பலத்தால். பூமியின் ஈர்ப்பில் அதே உயரத்துக்குப் பாய்பவன் தரைக்குத் திரும்ப ஒன்றரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். பொத்தானை அழுத்தியவர் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டார் என்பதால்தான் இந்த மாற்றம்.

ஈர்ப்பைக் கணக்கிட்டுப் பந்தை விழவைத்த ஆரம்பகால விளையாட்டொன்று 1958 இல் நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், பார்வையாளர் தினத்துக்காக வில்லியம் ஹிகின்பொத்தம் என்ற பௌதிகவியலாளரால் மின் அலைகளை வரைந்து காட்டும் கருவியான அலைவுகாட்டியின் சிறு திரையில் அமைக்கப்பட்டது. அது டென்னிஸ் விளையாட்டு.

கேள்வி: பேரனின் பிறந்தநாளுக்கு விலையுயர்ந்த விஞ்ஞான விளையாட்டுப் பெட்டி வாங்க நினைக்கிறேன். தகுமா?
– ஒரு தாத்தா, தெஹிவளை

பதில்: ஐயா, என்னைக் கேட்டால், மெழுகுதிரியில் ஓடும் தகரப் படகைத் தேடிப் பாருங்கள் என்பேன். டப் டப் என்று சத்தமிட்டபடி போகுமே, அதுதான். உள்ளேயுள்ள சிறு அறையில் நீர் ஆவியாகிக் குழாய்களிலுள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து ஒடுங்கியதும் வெளிநீர் உள்ளே இழுபடுகிறது. இது செக்கனுக்குப் பல தடவை நிகழ்கிறது. தள்ளும் நீரும் இழுபடும் நீரும் ஒரே அளவுதான் என்றால் படகு ஏன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்காமல் முன்னே போகிறது என்று பேரனைக் கேளுங்கள். அவன் திணறும்போது ஒரு விளக்கை ஏற்றி, வாயால் ஊதி அணைக்கச் சொல்லுங்கள். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே இழுத்து அணைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். இழுக்கும் காற்று நாற்புறமிருந்தும் வந்து சேரும். குழாயின் வாயில் நீருக்கும் இதுதான் நடக்கிறது. மெழுகுதிரி எரியும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

கேள்வி: தொலைக்காட்சித் திரையில் மஞ்சள் ஒளியே கிடையாது என்று நண்பி சொல்கிறாள். உண்மையா?
– ஒரு மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: பெரும்பாலான திரைகளைப் பொறுத்தவரை உண்மைதான். உருப்பெருக்குக் கண்ணாடியைத் திரைக்கு அருகே பிடித்து, மஞ்சளாகத் தெரியும் இடத்தைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் எரிந்துகொண்டிருக்கும், நீலம் அணைந்திருக்கும். அந்த இரண்டும் சேர்ந்துதான் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன.