வாசகர் கேள்விகள்: வீதியில் கூடினால் போர் நிற்குமா?

கேள்வி: வியட்நாம் போரை எதிர்த்து 1969இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போர் நடந்ததே! அந்தப் போராட்டத்தால் என்ன பயன்?
*– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

பதில்: பயன் இருந்ததம்மா. கூடியவர்களுக்குத்தான் அன்று அது தெரியவில்லை.

நவம்பர் 1ஆம் தேதிக்குள் பேச்சுவார்த்தையில் இறங்கி வராவிட்டால் மிகக் கடுமையாகத் தாக்குவோம் என்று அந்த ஆண்டு கோடையில் அதிபர் நிக்சன் வட வியட்நாமுக்கு ரகசியமாகக் கெடு விதித்திருந்தார். ஹைபோங் துறைமுகத்தைக் கடற்கண்ணிகளால் அடைப்பது, ஹனோய் மீது பெரும் குண்டுவீச்சு நடத்துவது என்று திட்டமும் உருவாகிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் அக்டோபர் 15 வந்தது. நாடெங்கும் சுமார் 20 லட்சம் பேர் வேலையையும் வகுப்பையும் விட்டு வெளியே வந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா தலைமையில் வாஷிங்டனில் பெருங்கூட்டம் மெழுகுவத்தி ஏந்தி வெள்ளை மாளிகைக்கு நடந்தது.

இந்தப் போராட்டம் தன்னைச் சற்றும் பாதிக்காது என்று நிக்சன் முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஆனால் கெடு நாள் கடந்தது, தாக்குதல் நடக்கவில்லை. தன் மிரட்டலுக்கு இருந்த மதிப்பைப் போராட்டங்கள் கெடுத்துவிட்டன என்று பின்னாளில் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதினார். நடக்காமல் போன குண்டுவீச்சை எந்தச் செய்தித்தாள் அச்சிடும்? அதனால்தான் ‘என்ன பயன்’ என்ற கேள்வி இன்றும் எழுகிறது.

மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் கட்டாயமாக ராணுவத்துக்கு அழைப்பது என்று, பிறந்த தேதியை வைத்து வாஷிங்டனில் குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 தேதிகளையும் தனித்தனிக் குப்பிகளில் இட்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்தார்கள். வந்த வரிசையே அழைப்பு எண். முதலில் வந்தது செப்டம்பர் 14. நான் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொன்னால், பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பிறந்த நாளுக்கு எந்த எண் வந்தது என்று கேட்பார்கள். வகுப்பறையிலேயே அந்தப் படபடப்பு என்றால், மகன் பிறந்த தேதி உண்மையிலேயே ஜாடிக்குள் கிடந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும்! எங்கோ நடந்த போர் அந்த வீடுகளின் அடுக்களைக்குள் வந்துவிட்டது.

மக்களால் தாங்க முடியாதது தங்கள் பிள்ளைகளின் சவப்பெட்டிகளைத்தான் என்பதை நிக்சன் அரசு புரிந்துகொண்டது. 1969 ஏப்ரலில் 5,43,000ஆக இருந்த அமெரிக்கத் துருப்புகள் 1972 இறுதியில் ஏறக்குறைய 24,000ஆகக் குறைந்தன. ஆட்களுக்குப் பதில் விமானங்கள் போயின. சவப்பெட்டிகள் குறைந்தன, வீதியில் கூட்டமும் குறைந்தது. 1969இல் கைவிட்ட திட்டத்தின் பெரும்பகுதி 1972இல் நடந்தேறியது. மே மாதம் ஹைபோங்கில் கண்ணிகள் இடப்பட்டன. டிசம்பரில் ஹனோய், ஹைபோங் மீது குண்டுமழை பொழிந்தது. பாக் மாய் மருத்துவமனை தாக்கப்பட்டது. கம் தியென் தெருவில் வீடுகள் வரிசையாக இடிந்து விழுந்தன. பொதுமக்கள் 1,600 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்நாட்டு எதிர்ப்பு, சாவை அமெரிக்க வீடுகளிலிருந்து விலக்கியது. வியட்நாம் வீடுகளிலிருந்து விலக்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: போராட்டக்காரர்களை அமெரிக்கப் பொதுமக்களே வெறுத்தார்கள் என்கிறார்களே?
*– வாசகர், தென்காசி*

பதில்: உண்மைதான். 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் மாண்டார்கள். காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 58 சதவீதத்தினர் மாணவர்களையே குற்றம் சொன்னார்கள். படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம். ஆனால் அடுத்த ஆண்டு அதே காலப் கேட்டபோது, போருக்குப் போனதே தவறு என்றவர்கள் 61 சதவீதம். போராடியவர்களைப் பிடிக்காமலேயே போரையும் வெறுக்க முடியும். 1971 ஏப்ரலில் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களே நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிதாக இல்லை.

கேள்வி: 2003இல் ஈராக் போரை உலகமே எதிர்த்தது. ஏன் தடுக்க முடியவில்லை?
*– வங்கி ஊழியர், ஓசூர்*

பதில்: அமெரிக்காவில் கட்டாய ராணுவ அழைப்பு 1973லேயே நின்றுவிட்டது. ஜாடிக்குள் எந்த மகனின் தேதியும் இல்லை. விரும்பிச் சேர்ந்தவர்களின் குடும்பங்களே சுமையைத் தாங்கின. பிப்ரவரி 15 அன்று லண்டனிலும் ரோமிலும் அத்தனை பெரிய கூட்டம் கூடியும், அடுத்த மாதமே போர் தொடங்கியது. 2006 தேர்தலில் அதிபர் புஷ்ஷின் கட்சி இரு அவைகளிலும் தோற்றது. ஆனாலும் அடுத்த ஜனவரியில் அவர் கூடுதலாக 20,000க்கும் மேற்பட்ட துருப்புகளை அனுப்புவதாக அறிவித்தார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

விளைவு வேறிடத்தில் வந்தது. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவில் ராணுவ நடவடிக்கைக்கு வழிவிடும் தீர்மானத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285க்கு 272 என்ற கணக்கில் தோற்கடித்தது. விவாதத்தில் பேசிய பலர் ஈராக்கைச் சுட்டிக்காட்டினார்கள். மக்கள் விருப்பத்தை ஏற்பதாகப் பிரதமர் கேமரன் அவையிலேயே சொன்னார். அந்த முடிவு சிரிய மக்களுக்கு நன்மை செய்ததா என்பது தனிக் கேள்வி. கேட்க விரும்புபவர்கள் எழுதுங்கள், விரிவாகவே பேசலாம்.