பூவும் உண்டியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறேன். உக்ரைன் அகதிக் குடும்பங்களுக்காக நாங்கள் சில தோழிகள் ரயில் நிலைய வாசலில் ரோஜா விற்கப் போகிறோம். ஒரு பூ இரண்டு பவுண்டு. பணத்தை ஒரே பையில் போட்டுக் கடைசியில் எண்ணிக்கொள்ளலாம், எல்லோரும் தெரிந்தவர்கள்தானே. ஆனால், சட்டையில் பூ குத்திக்கொள்வதே போரைக் கொண்டாடுவது என்கிறான் என் தம்பி. அவன் சொல்வது சரியா?
கவிதா

அன்புள்ள கவிதா,

போரில் இறந்தவர்களின் நினைவாக பிரிட்டனில் நவம்பரில் சட்டையில் குத்துவது சிவப்புப் பாப்பிப் பூ. அது மனசை உறுத்தியவர்கள் 1933லேயே சமாதானத்துக்கென்று வெள்ளைப் பாப்பி செய்து குத்திக்கொண்டார்கள். தம்பிக்கும் ஒன்று கொடுங்கள், வாயை மூடிக்கொள்வான்.

உங்கள் மனசு பெரியது. ஆனால் ரோஜா வேண்டாம். தண்ணீரில்லாமல் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும், மிஞ்சியது அத்தனையும் நஷ்டம். 1912இல் லண்டனில் நடந்த அலெக்ஸாண்ட்ரா ரோஜா நாளிலேயே விற்றது செயற்கை ரோஜாதான், உடல் ஊனமுற்ற பெண்கள் செய்தது. முதல் உலகப் போருக்குப் பின் அன்னா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிரான்சின் விதவைகளைக் கொண்டு துணிப் பாப்பி செய்வித்தார். 1921இல் முன்னாள் படைவீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜன் 90 லட்சம் பூ வாங்கியது. அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இல் எல்லாம் தீர்ந்து, ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. மறு வருஷம் மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் ஊனமுற்ற முன்னாள் சிப்பாய்கள் ஐந்து பேரை வைத்து லண்டனிலேயே பட்டறை போட்டார். கை ஒன்றை இழந்தவரும் இதழையும் காம்பையும் பொருத்த முடிகிற மாதிரி அமைந்த பூ அது. கூலியே பாதி நிவாரணம். நீங்கள் உதவப்போகும் உக்ரைன் குடும்பங்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் கூலி கொடுத்துப் பூச் செய்யச் சொல்லுங்கள்.

'தெரிந்தவர்கள்தானே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தவர்கள் என்பதாலேயே கணக்கு கறாராக இருக்க வேண்டும். முதல் உலகப் போரில் தெருவுக்குத் தெரு கொடியும் பூவும் விற்று ஏமாற்றியவர்கள் இருந்ததால்தான் 1916இல் போர் அறக்கொடைகளுக்கென்றே சட்டம் வந்தது: பதிவு, மூன்று பேருக்குக் குறையாத குழு, தனி வங்கிக் கணக்கு.

முதலில் பையை விட்டு மூடிய உண்டியல் வையுங்கள், விலையையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பவுண்டு என்றால் ஐந்து கொடுக்க வந்தவரும் மீதி மூன்றைக் கேட்பார். மீதி கொடுக்க உண்டியலைத் திறக்க வேண்டும். திறந்த உண்டியலுக்குக் கணக்கே கிடையாது. மூடி விளிம்பில் காகிதம் ஒட்டிக் கையெழுத்திடுங்கள், காகிதம் கிழியாமல் திறக்க முடியக்கூடாது. உண்டியலுக்கு எண் போட்டு, யார் எதை எடுத்தார் என்று நோட்டில் எழுதுங்கள். உண்டியலை எடுத்துப்போய் வசூலித்தவரே திறக்கக் கூடாது. வேறு இருவர் சேர்ந்து திறந்து, எண்ணி, எண்ணுக்கு நேரே தொகை எழுதிக் கையெழுத்திடட்டும். காபி, பஸ் செலவு எதுவும் உண்டியலிலிருந்து எடுக்காதீர்கள். முழுத்தொகையும் வங்கிக்குப் போன பிறகு பில் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

'போர் நிவாரணம்' என்று மொட்டையாக எழுதி ஒட்டாதீர்கள். இலங்கையில் பாப்பிப் பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. அந்தக் கோபத்தில் 1933இல் கொழும்பு இளைஞர்கள் அதே நவம்பர் 11இல் போட்டியாகச் சூரிய மல் விற்றார்கள், நம் பூவரசம்பூதான். முன்னின்றவர் இங்கிலாந்தில் பிறந்த டொரீன் விக்கிரமசிங்க. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் நிவாரணத்துக்கு இறங்கியதும் இந்த இயக்கத்தவர்தான். ஆகவே யாருக்கு, வாடகைக்கா கம்பளிக்கா என்று உண்டியல் மேலேயே எழுதுங்கள்.

தெருவில் வசூலிக்க நகராட்சியின் அனுமதி வேண்டும், ஒரு மாதம் முன்பே கேட்டுவையுங்கள். நிலைய வாசல் ரயில்வே இடமென்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.