பாட்டி அழுதார், பேரன் சிரித்தான்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ‘அரண்மனை 4’ பார்த்தோம். ஆறு வயது மகள் பாதிப் படம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே இருந்தாள். பிளஸ் ஒன் போகும் மகன் நண்பர்களோடு சேர்ந்து பேய் வரும் இடமெல்லாம் கைதட்டிச் சிரித்தான். மாமியார் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் முதல் பாகம் மாதிரி இல்லையே என்று இருந்தது. ஒரே படம் ஆளுக்கொரு மாதிரி எப்படித் தெரிகிறது? மகள் இன்னும் தனியாகப் படுக்க மறுக்கிறாள். ‘அதெல்லாம் சும்மாடி’ என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கூட்டிப்போனது தப்போ?

ஒரு வாசகி, திண்டுக்கல்

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான் என்பது என் எண்ணம். செத்த பிறகும் பெற்ற பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் காவல் நிற்கும் தாய்தான் தமன்னாவின் செல்வி. கடைசியில் அம்மன் பாட்டுக்குக் குஷ்புவும் சிம்ரனும் ஆடுகிறார்கள். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு வந்த ‘அம்மன்’, 2000-இல் வந்த ‘பாளையத்து அம்மன்’ எல்லாம் பார்த்த தலைமுறைக்கு இது பேய்ப்படமே அல்ல, அம்மன் படம். அவர்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்குமா என்றுதான் காத்திருக்கிறார்கள். ‘காஞ்சனா’வில் சரத்குமார் வரும் முன்கதையில் தியேட்டரே அடங்கிப்போனதை 2011-இல் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதுவரை ராகவா லாரன்ஸும் கோவை சரளாவும் அலறியதற்குச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம்தான் அது.

இதற்கும் முந்தைய தலைமுறையின் பேய் வேறு. 1966-இல் வந்த ‘யார் நீ’ படத்தில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உலவியது பேயல்ல, மனிதர்கள் செய்த சதி என்று முடிவில் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் ‘இதுக்குப் பின்னால யாரு இருக்கா?’ என்றுதான் கேட்பார்கள். அதனால் ஒருவருக்கு இப்போது என்ன வயது என்பதைவிட, அவர் எந்தக் காலத்துப் பேய்களோடு வளர்ந்தார் என்பதையே நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த வயதில் பேய்ப்படம் என்பது நண்பர்கள் நடுவே தைரியத்தைக் காட்டும் இடம். திடுக்கிட்ட மறுநொடி வரும் சிரிப்பும் பயம்தான். ஆனால் அவனிடம் ‘டிமான்டி காலனி 2’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2015-இல் வந்த முதல் பாகத்தின் முடிச்சுகளை 2024-இல் அவிழ்த்து மறுபடி கோத்த படம். கதையின் சரடுகளை இணைத்துப் பார்க்கும் இளைஞர்களுக்கு அது விருந்து. முதல் பாகம் பார்க்காத உங்கள் மாமியாருக்குப் பாதியிலேயே பிடி நழுவியிருக்கும். ‘அரண்மனை’ வரிசையில் அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு பாகமும் புதுக் கதை, அச்சு மட்டும் பழையது. ஒரே வரிசையில் மூன்று தலைமுறை உட்கார முடிவது அதனால்தான்.

அந்த அச்சே உங்களுக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது. 2014-இல் சந்தானமும் கோவை சரளாவும் அடித்த கூத்தைப் பார்த்துச் சிரித்தபோது அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது பூசை எப்போது, பாட்டு எப்போது என்பது வரை தெரியும். தொடர்படம் எடுப்பவர்களுக்கு நம் நினைவுதான் பெரிய போட்டி.

இனி உங்கள் மகள். 1980-களில் அமெரிக்காவில் ஜோன் கேன்டர், கிளென் ஸ்பார்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சாதாரண மனிதன் பச்சை நிற ராட்சதனாக மாறும் ஹல்க் தொடரைக் குழந்தைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். நாயகன் ஆபத்தில் சிக்கும்போது பெரிய பிள்ளைகள் பதறினார்கள். பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத சின்னப் பிள்ளைகள் பயந்தது அவன் உருமாறிய பிறகுதான். அவன் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்பதெல்லாம் அவர்களிடம் எடுபடவில்லை. கண்ணால் கண்ட உருவம்தான் அவர்களுக்கு உண்மை. ‘அரண்மனை 4’-இன் பாக், அசாம் நாட்டார் கதைகளில் நீர்நிலைகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் ஆவி. ஆள் உருவம் எடுத்து வரும். தெரிந்த முகம் வேறொன்றாக மாறுவதைவிட ஒரு சின்னக் குழந்தைக்குப் பயங்கரம் ஏது? செல்வி நல்ல பேய் என்பது மாமியாருக்குப் புரிந்த அளவுக்கு மகளுக்குப் புரிந்திருக்காது.

தப்பு என்று நீங்கள் மனம் நோக வேண்டாம். ஆனால் இனி சான்றிதழைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பதையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பெற்றோர் முடிவெடுக்க உதவுவதற்குத்தான் அந்த எண்கள்.

‘சும்மாடி’ என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். ஆறு வயதில் விளக்கத்தால் பயம் போகாது. கொஞ்ச நாள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், சின்ன விளக்கு எரியட்டும், டிவியில் அந்தப் படம் ஓடினால் சேனலை மாற்றிவிடுங்கள். பகலில் அவளாகப் பேச்செடுத்தால் கேளுங்கள், பேயை வரைய ஆசைப்பட்டால் வரையட்டும். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தங்கையைப் பயமுறுத்தக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.