பதில்: மரண தண்டனை விவாதம், எங்கள் வாதம் நிற்குமா?

தம்பி, பினாங்குப் போட்டியில் 'மக்கள் விருப்பத்தை மீறி நீதிமன்றம் தூக்கைக் குறைக்கிறது' என்ற தரப்பு உங்களுக்கு விழுந்திருக்கிறது. தூக்குக்கு மலேசியர்களில் பெரும்பான்மையோர் ஆதரவு இருப்பதுதான் துருப்புச் சீட்டு என்கிறீர்கள். எதிரணி விவரம் தெரிந்தவர்கள் என்றால் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 1,535 மலேசியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். கொலைக்குக் கட்டாயத் தூக்கு (நீதிபதிக்கு வேறு தண்டனை தர வழியே இல்லாத தூக்கு) வேண்டும் என்றவர்கள் 56 விழுக்காடு. பிறகு சில வழக்குகளை விவரித்து, 'நீங்களே தண்டனை சொல்லுங்கள்' என்றதும், அந்த 56 விழுக்காட்டினரிலேயே எல்லா வழக்குக்கும் தூக்குதான் என்று நின்றவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டும். வழக்கு விவரத்தைப் படித்தால் மக்களும் நீதிபதியைப் போலத்தான் யோசிக்கிறார்கள்!

இன்னொன்று, குறைக்கும் அதிகாரத்தை நீதிபதிகள் தாங்களாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டாயத் தூக்கை நீக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்தது. கொலைக்கான தண்டனையைச் சொல்லும் குற்றவியல் சட்டத்தின் 302-ஆவது பிரிவில் தூக்கு இன்னமும் இருக்கிறது. தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை, ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படி. (பிரம்படியை மறந்துவிட்டு 'விட்டுவிட்டார்கள்' என்று கொதிப்பவர்கள்தான் அதிகம்.) ஏற்கெனவே தூக்கு விதிக்கப்பட்ட பழைய வழக்குகளை, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மறுஆய்வு செய்ததும் அதே ஆண்டு வந்த தனிச் சட்டத்தின்படிதான்.

ஆகவே நீதிபதிகளைத் திட்டாதீர்கள். 2018-இல் அரசாங்கம் தூக்கை முழுசாக ஒழிப்பதாக அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் 2019-இல் 'கட்டாயத்தை மட்டும்' என்று இறங்கி வந்தது. உங்கள் வாதத்தை அங்கிருந்து கட்டுங்கள். கொலையானவர் குடும்பத்தின் குரலையும் சேருங்கள், அதற்கு எதிரணியால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.