பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது புகை அலாரத்துக்கு வயர் இழுக்க வேண்டுமா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாடி வைத்த சொந்த வீட்டைப் புதுப்பிப்பதாகவும், புகை அலாரம் கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களிடம்தான் கறாராக இருக்கிறது. உங்கள் வீட்டுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் சுவரை உடைத்து வயர் பைப் புதைக்கிற இந்த நேரத்தை விட்டால், அப்புறம் பேட்டரி அலாரம்தான் கதி.

கரண்டில் ஓடும் அலாரத்துக்கு இடையில் சுவிட்ச் கூடாது. பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், நேராகப் போக வேண்டும். ஹால் லைட் சர்க்யூட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அது ட்ரிப் ஆனால் ஹால் இருட்டாகும், உடனே தெரிந்துவிடும். பேஸ், நியூட்ரலோடு மூன்றாவதாக ஒரு வயர் எல்லா அலாரங்களையும் இணைக்க வேண்டும். கீழே புகை வந்தால் மாடியிலும் கத்துவது அதனால்தான். மிச்சம் கிடக்கிறதே என்று எலக்ட்ரீசியன் பச்சை வயரை அதற்குப் போட விடாதீர்கள், அது எர்த்துக்கு மட்டும். எல்லாம் ஒரே கம்பெனியாக, உள்ளே பேட்டரியும் இருப்பதாக வாங்குங்கள்.

படுக்கையறைகளுக்கு வெளியேயும் மாடிப்படிக்கு மேலேயும், சீலிங்கில், சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டலாம். ஃபேன் பக்கத்தில் வேண்டாம். சமையலறையில் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலறும். அங்கே வெப்பத்தை உணரும் வகை போதும். சாம்பிராணி போடுகிற வீடா? பூஜையறையிலிருந்தும் தள்ளியே. பட்டி தேய்த்து, பெயிண்ட் முடியும்வரை அலாரத்தின் தூசி மூடியைக் கழற்றாதீர்கள். அந்தத் தூள் உள்ளே போனால் புது அலாரமே கெட்டுவிடும்.