மூன்றாவது தடவையா, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியா?

மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

நான் உங்களிடம் நேரில் படித்தவள் அல்ல. ஆனாலும் உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பதால் அப்படித்தான் அழைக்க வருகிறது. திருக்கோவில் வலயத்திலுள்ள ஒரு பாடசாலையில் உயிரியல் பிரிவில் படித்து, இரண்டாவது தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதினேன். உயிரியலில் ஏ, மற்ற இரண்டு பாடங்களிலும் பி. அம்பாறை மாவட்டத்துக்கான மருத்துவ வெட்டுப்புள்ளி சிறிய இடைவெளியில் தவறிவிட்டது. மூன்றாவது தடவை எழுதலாம் என்று நான் சொல்கிறேன். கல்முனையில் ஒரு முகவர், நுழைவுப் பரீட்சை எதுவும் இல்லாமல் ரஷ்யாவிலோ சீனாவிலோ இடம் எடுத்துத் தருவதாகவும், முதல் வருடத்துக்கான பணத்தை மட்டும் இப்போது கட்டினால் போதும் என்றும் சொல்கிறார். அப்பா, தங்கைக்கென்று ஒதுக்கி வைத்த வளவை விற்கலாம் என்கிறார். இன்னொரு வருடத்தை வீணாக்காதே என்று அம்மா அழுகிறா. கட்டாரில் இருக்கும் மாமா பாதிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்வது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

உங்கள் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை எழுதுங்கள். தங்கையின் வளவை விற்க விடாதீர்கள். முகவருக்கு இந்த நிலையில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். முப்பது வருடங்களுக்குக் குறையாமல் இந்த மண்ணில் உயிரியல் கற்பித்தவள் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்து வந்து இன்று எங்கள் வைத்தியசாலைகளில் நன்றாகப் பணியாற்றுகிற பிள்ளைகளையும் அறிவேன். ஆகவே வெளிநாட்டுப் படிப்பு என்றாலே தவறு என்பது என் கருத்தன்று. உங்கள் வீட்டின் நிலையில், உங்கள் பெறுபேற்றோடு, இந்த வருடம் எடுக்க வேண்டிய முடிவு எது என்பதே நான் பேச வந்த விடயம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் எம்.பி.பி.எஸ். என்ற பட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இலங்கையில் ஒருவரை மருத்துவராக்குவது பட்டம் மட்டுமன்று, இலங்கை மருத்துவ சபையின் பதிவு. கொழும்பிலோ பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ எங்கள் மட்டக்களப்பிலோ அரச மருத்துவ பீடத்தில் ஐந்து வருடப் படிப்பை முடிப்பவர், இறுதிப் பரீட்சையோடு தற்காலிகப் பதிவைப் பெற்று, ஒரு வருட உள்ளகப் பயிற்சியை நிறைவு செய்து முழுப் பதிவுக்கு வருகிறார். வெளிநாட்டில் படித்தவருக்கு இந்தப் பாதையின் நடுவில் இன்னொரு கதவு இருக்கிறது. மருத்துவ சபை நடத்தும், பலரும் இ.ஆர்.பி.எம். என்று அழைக்கிற பதிவுப் பரீட்சையில் அவர் சித்தியடைய வேண்டும். அதன் பிறகே உள்ளகப் பயிற்சிக்கான நியமனத்தைப் பற்றி நினைக்க முடியும். அந்தப் பரீட்சையில் எழுத்துத் தாள்களும் இருக்கின்றன, நோயாளியின் கட்டிலருகே நடக்கும் மருத்துவமனைத் தேர்வும் இருக்கிறது. முதல் தடவையிலேயே சித்தியடையாமல் மறுபடியும் மறுபடியும் எழுதுபவர்கள் பலர். அந்தக் காலம் முழுவதும் அவர்கள் வீட்டிலிருந்து, வருமானம் இல்லாமல், தனியார் வகுப்புகளுக்குப் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், அம்மா சொல்கிற "வீணாகும் ஒரு வருடம்" என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. சீனாவிலும் ரஷ்யாவிலும் மருத்துவப் படிப்பு பொதுவாக ஆறு வருடங்கள். அதன் பின் பதிவுப் பரீட்சைக்கான ஆயத்தம், பெறுபேறு, நியமனத்துக்கான காத்திருப்பு, உள்ளகப் பயிற்சி. மூன்றாவது தடவை எழுதி இங்கே இடம் கிடைத்தால், அந்த ஒரு வருடத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் நீங்கள் பின்தங்கப் போவதில்லை. அம்மாவிடம் இதைத் தாளில் வருடம் வருடமாக எழுதிக் காட்டுங்கள்.

காலத்தை விடவும் எனக்குக் கவலை தருவது மொழி. அங்கே ஆங்கிலத்தில் கற்பிப்பார்கள் என்று முகவர் சொல்வது முதல் இரண்டு, மூன்று வருடங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம். உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் கேட்டுவிடலாம். ஆனால் நான்காம் வருடத்தில் வைத்தியசாலை விடுதிக்குள் போகும்போது, கட்டிலில் படுத்திருக்கிற முதியவர் சீன மொழியிலோ ரஷ்ய மொழியிலோதான் தன் வலியைச் சொல்வார். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, சாப்பிட்ட பின் கூடுகிறதா குறைகிறதா என்று அவரிடம் கேட்டறிவதுதான் மருத்துவத்தின் பாதி. அந்த மொழியை உண்மையாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நல்ல மருத்துவர்களாகத் திரும்பியிருக்கிறார்கள். கற்காதவர்கள் விடுதியில் பின்வரிசையில் நின்று விட்டு வந்திருக்கிறார்கள். ஆறு வருடத்தையும் அப்படிக் கழித்த ஒருவர், இங்கே திரும்பி வந்து, ஒரு சிங்களத் தாயின் முன்னோ எங்கள் ஊர் வயோதிபர் ஒருவரின் முன்னோ பரீட்சகர் பார்த்திருக்க நோய் வரலாறு எடுக்க வேண்டியிருக்கும்போது தடுமாறாமல் என்ன செய்வார்?

நோய்களும் வேறு. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வயலில் இறங்குபவருக்கு வரும் எலிக்காய்ச்சல், மழைக்குப் பின் வரும் டெங்கு, பாம்புக்கடி, கிருமிநாசினி நஞ்சு என்று இந்த மண்ணின் நோய்களுக்கு ஒரு முகம் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பயிற்சி பெறும் மாணவி இவற்றைத் தன் கண்ணால் பார்த்து வளர்கிறாள். குளிர்நாடு ஒன்றில் படித்தவர் இவற்றைப் பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்துவிட்டு வருகிறார். இந்த விதத்தில் பங்களாதேஷும் நேபாளமும் எங்களுக்கு நெருக்கமானவை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றொரு நிலை வந்தால் நான் முதலில் விசாரிப்பது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

இனிப் பணம். முதல் வருடப் பணத்தை மட்டும் கட்டினால் போதும் என்று ஒருவர் சொன்னால், மிகுதி ஐந்து வருடத்தைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை என்று பொருள். அந்த ஐந்து வருடக் கட்டணமும் தங்குமிடச் செலவும் பயணச் செலவும் டொலரில் போகும், உங்கள் அப்பாவின் நெல் ரூபாயில் விற்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. வருடத்துக்கு 5,000 டொலர் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்துக்கு 10 இலட்சமாக இருந்த தொகை, கல்லூரி ஒரு சதமும் கூட்டாமலே, இரண்டு மூன்று மாதங்களில் 18 இலட்சமாகியது. நடுவில் படிப்பை விட்டால் கட்டியதெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் பெற்றோர் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். மாமா மனமுவந்து தருகிறார், சரி. கட்டாரில் அவருடைய வேலை ஆறு வருடத்துக்கும் உறுதியானதா என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா?

நாடுகளின் நிலையும் நிலையானதல்ல. 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சீனா எல்லையை மூடியபோது விடுமுறைக்கு வந்திருந்த மாணவர்கள் இரண்டு வருடத்துக்கும் மேலாகத் திரும்பிப் போக முடியாமல், நோயாளியைத் தொட்டுப் படிக்க வேண்டிய வருடங்களைக் கணினித் திரையில் கழித்தார்கள். 2022 பெப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது அங்கிருந்த வெளிநாட்டு மாணவர்கள் பையோடு எல்லை கடந்தார்கள். 2024 நடுப்பகுதியில் பங்களாதேஷிலும் கலவரம் காரணமாக வகுப்புகள் நின்றன. இங்கேயும் தடைகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டதை எங்கள் மாவட்டம் மறக்காது. இருந்தாலும் இங்கே தடை வந்தால் நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பீர்கள், கடன் ஏறாது.

தங்கையின் வளவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்தே கட்டிக்கொடுக்கிற எங்கள் கிழக்கின் வழக்கத்தில் அந்தக் காணி அப்பாவின் சொத்து என்பதை விடத் தங்கையின் எதிர்காலம் என்பதுதான் சரி. இந்த வழக்கம் நல்லதா என்று வேறொரு நாள் விவாதிக்கலாம். வழக்கம் இருக்கும் வரை, அவளுடைய சம்மதத்தைக் கேட்கக்கூட வயது வராத பிள்ளையின் பங்கை எடுத்து மூத்தவளுக்குச் செலவிடுவது நியாயமன்று. நான் உழைத்துத் திருப்பிக் கொடுப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் மேலே சொன்ன வருடக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் முதல் சம்பளம் எடுக்கும்போது தங்கை கல்யாண வயதைக் கடந்திருப்பாள். அப்பாவிடம் இதை நீங்களே சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார்.

மூன்றாவது தடவை என்று நான் சொல்வது இரண்டாவது தடவையைத் திரும்பச் செய்வதையன்று. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே உண்டு என்பதால் இது கடைசி வாய்ப்பு. வெட்டுப்புள்ளிக்கு அடிப்படையான இசட் புள்ளி என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டு படியுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரியாக்குகிறார்கள். மூன்று பாடங்களுக்கும் ஒரே நிறைதான். உங்களைப் போன்ற பிள்ளைகள் பிடித்த பாடமான உயிரியலையே மேலும் மேலும் படிக்கிறார்கள். ஏற்கனவே ஏ எடுத்த பாடத்தில் ஏறுவதற்கு இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. பௌதிகவியலில் பி எடுத்தவருக்கு இடம் நிறைய இருக்கிறது. அதில் பல்தேர்வுத் தாள் 50 வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. அந்த வேகம் புதிய ரியூசன் வகுப்பு ஒன்றில் சேர்வதால் வராது. கடந்த காலத் தாள்களை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு செய்து, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டத்தோடு உங்கள் விடையை வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த அலகில் தவறுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். ஓர் அலகில் மூன்று தாள்களில் தொடர்ந்து தவறினால், அந்த அலகுக்கு மட்டும் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிப் போங்கள். இரசாயனவியலுக்கும் இதுவே.

உங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒன்று. மருத்துவத்துக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அம்பாறையும் மட்டக்களப்பும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். ஆனால் மாவட்டத்துக்குள்ளே திருக்கோவில் வலயத்துப் பிள்ளையும் கல்முனைப் பெரிய பாடசாலைகளின் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டியிடுகிறீர்கள். அந்தச் சூழலில் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறீர்கள் என்பதை நான் பெரிய விடயமாகவே பார்க்கிறேன்.

மூன்றாவது தடவையும் தவறினால் என்ன என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் வெளிநாடு என்ற கேள்வி மறுபடி வரலாம், ஆனால் விற்பதற்குக் காணி இருக்கிறதா என்பது அதற்கு அளவுகோலாகக் கூடாது. படிப்பு முழுவதற்கும் பதிவுப் பரீட்சைக் காலத்துக்கும் போதுமான பணம் கடன் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது புலமைப்பரிசில் கிடைக்க வேண்டும். வெளிநாட்டு அரசுகள் தரும் புலமைப்பரிசில்களுக்கான அறிவித்தல்களை உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு வெளியிடுகிறது. அவற்றுக்கு முகவர் தேவையில்லை. எந்தக் கல்லூரியானாலும் அது இலங்கை மருத்துவ சபையால் அங்கீகரிக்கப்பட்டதா, உங்கள் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் தகைமைக்குப் பொருந்துகிறதா என்பதை முகவரின் வாயால் கேட்காமல், பணம் கட்டுவதற்கு முன் சபையிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆங்கில வழி என்றால் இறுதி வருடம் வரையுமா என்பதையும், விடுதிப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எந்த மொழியில் என்பதையும் அங்கு இறுதி வருடத்தில் படிக்கும் இலங்கை மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேளுங்கள்.

அதற்கிடையில் இந்த வருடப் பெறுபேற்றோடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம் என்று படிவத்தையே நிரப்பாத பிள்ளைகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் மருந்தகவியலும், எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியலும், அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் இருக்கின்றன. பதிவுகள் முடிந்த பின் வெற்றிடங்களை நிரப்பும்போது வெட்டுப்புள்ளி சில வேளைகளில் இறங்குவதும் உண்டு. அதை நம்பியிருக்க வேண்டாம், ஆனால் வரிசையில் பெயர் இருந்தால்தான் அதுவும் வரும். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டு அடுத்த பரீட்சைப் பெறுபேற்றோடு மறுபடி விண்ணப்பிப்பது பற்றி ஆணைக்குழுவின் கைநூலில் உள்ள விதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்த பின்பே பதிவில் கையெழுத்திடுங்கள். தெரிவு வரிசையை எழுதியதும், அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரீச்சர்