காட்டில் பிடித்த பச்சோந்தி ஜோடியை வாங்கலாமா?

"ஏமன் பச்சோந்தியைச் சில வருடங்களாக நன்றாக வளர்க்கிறேன். இப்போது காட்டில் பிடித்த நான்கு கொம்புப் பச்சோந்தி, ஆணும் பெண்ணுமாக விலைக்கு வருகிறது, வாங்கிக் குஞ்சு எடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

என்னைக் கேட்டால் இந்த ஜோடி வேண்டாம். அதற்குப் பதிலாக, வளர்ப்பில் பிறந்த குஞ்சுகளாக, வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தவையாக மூன்று நான்கு வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் காத்திருந்து வாங்குங்கள்.

முதலில் வெப்பநிலை. ஏமன் பச்சோந்தி சூட்டைத் தாங்கும். நான்கு கொம்பன் கேமரூன் மலைக்காட்டுப் பிராணி, பகலில் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும், இரவில் 15 டிகிரி பக்கம் இறங்க வேண்டும். உங்கள் அறை இரவிலும் 25 டிகிரியில் நிற்கிறது, குளிரூட்டவும் வழியில்லை என்றால் பேச்சே இல்லை, வேறு இனம் பாருங்கள்.

அடுத்தது காகிதம். பச்சோந்திகள் ஏறக்குறைய எல்லாமே சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அனுமதிச் சீட்டில் ஓர் எழுத்து இருக்கும்: டபிள்யூ என்றால் காட்டில் பிடித்தது, சி என்றால் வளர்ப்பிலேயே இருக்கும் பெற்றோருக்குப் பிறந்தது. எஃப் என்றிருந்தால் பிறந்தது வளர்ப்பில்தான், ஆனால் சி வகைக்கான நிபந்தனைகள் முழுமையாகவில்லை. தாயைக் காட்டிலிருந்து பிடித்து வந்திருக்கலாம். விற்பவர் "வளர்ப்புதான் சார்" என்று சொன்னால் அந்தச் சீட்டின் நகலைக் கேளுங்கள், கூடவே உங்கள் நாட்டுச் சட்டம் வளர்க்க அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்டுப் பெண்ணிடம் இன்னொரு சங்கதி உண்டு. பிடிபடும்போதே சினையாக இருக்கலாம், அல்லது பழைய இணையின் விந்தை உடலில் சேமித்து வைத்திருக்கலாம். வந்த கொஞ்ச நாளில் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தால், அது உங்கள் ஆணால் வந்ததென்று நம்பி வம்சக் குறிப்பில் எழுதாதீர்கள். பயணத்தில் இளைத்துப்போன உடம்பில் முட்டையும் சேர்ந்தால் பெண் பிழைப்பதே பாடு.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பகலில் போய்ப் பாருங்கள். கண் குழிந்திருந்தால் உடலில் நீர் இல்லை, பகலிலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் நோய். கழிவின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாக இருப்பதும் நீரின்மைதான். வீட்டுக்கு வந்ததும் ஆணையும் பெண்ணையும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாதபடி தனித்தனியாக, உங்கள் ஏமன் பச்சோந்தி இருக்கும் அறைக்கு வெளியே, குறைந்தது 90 நாள் வையுங்கள். முதல் வேலை தண்ணீர், நிறைய நேரம் தூறலும் சொட்டு நீரும். வயிற்றில் புழு இல்லாமல் காட்டுப் பச்சோந்தி வருவது அபூர்வம், ஆனால் வந்த அன்றே நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள், எச்சத்தை ஊர்வன மருத்துவரிடம் சோதித்து அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். கிராம் தராசில் வாராவாரம் எடை ஏறாமல் இணை சேர்ப்பு கூடாது.

சேர்க்கும்போது பெண் நிறம் கறுத்து, வாயைப் பிளந்து சீறினால் உடனே பிரித்துவிடுங்கள். முட்டையிட ஆழமான ஈர மண் வேண்டும். எடுத்த முட்டைகளைப் புரட்டாமல், ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 20 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள், மாதக்கணக்கில் ஆகும், பார்சன் பச்சோந்தி என்ற இன்னோர் இனத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது, அதனால் தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். பொரிந்த பிறகுதான் உண்மையான செலவு: ஒவ்வொன்றுக்கும் இடம், யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு, தினமும் பழ ஈயும் பொடிச் சில்வண்டும், மேலே தூவக் கால்சியம். இருபது குஞ்சுக்கு இதையெல்லாம் எங்கே வைப்பீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் விற்பவருக்குப் பதில் சொல்லுங்கள்.